கண்தூள்

கீழே பாதாம் பூத்துவிட்டது, மேலே எங்கள் ஊரில் இன்னும் ஓட்டுக்கூரையிலிருந்து பனி சொட்டுகிறது, ஒரே மலையில் இரண்டு பருவம். உங்கள் வண்டியின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு வந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே துணி துவைத்துப் போட்டால் ஒரே பகலில் காய்ந்துவிடும் என்றும் நினைத்தேன். களைத்துப்போன மனதுக்கு இந்த மாதிரி யோசனைகள்தான் வருகின்றன.

நீங்கள் நல்ல மாதிரி, சார்ஜெண்ட். காபி வரவழைத்தீர்கள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுப் போடச் சொன்னீர்கள். கூடவே சர்க்கரைப் பாகில் ஊறிய பச்சை வால்நட்டும் ஒரு தட்டில் வந்தது. எனக்கு முன்னால் யாரும் எதையும் கொண்டுவந்து வைத்து வெகுகாலமாயிற்று. பிறகு என் வயதைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு வழியும் சொன்னீர்கள்.

"அம்மா, கோவில் சுவரைச் சுரண்டினது நீங்கதான்னு எங்களுக்குத் தெரியும். தெரியாம செஞ்சுட்டேன், பழைய வழக்கம்னு சொல்லுங்க. அப்படியே எழுதிக்கிறேன். ஏதாவது அபராதத்தோட முடிஞ்சிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

வீட்டுக்குப் போகத்தான் எனக்கும் ஆசை. வீட்டில் இப்போது யாருமில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படுத்துக் கிடக்கலாம். 'தெரியாமல்' என்ற ஒரு சொல்தான் அதற்கு விலை. ஆனால் ஸினோவியாவைப் பற்றிச் சொல்லாமல் சுவரைப் பற்றிச் சொல்ல எனக்கு வரவில்லை. முழுதாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு அந்தச் சொல் பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோவிலை வெளியிலிருந்து பார்த்தால் வைக்கோல் அடைக்கிற கொட்டகை மாதிரி இருக்கும். பனி வழுக்கி விழுவதற்காகக் கூரையைத் தரைவரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்தால்தான் உள்ளே இருக்கிற கூட்டம் தெரியும். சுவரில் ஒரு முழம் இடம் விடாமல் புனிதர்கள். கான்ஸ்டான்டிநோபிளில் சக்கரவர்த்தி இருந்த காலத்தில் வரைந்தது என்று வாசல் பலகை சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள். நான் கதவோரம் சாவியோடு நிற்பேன்.

கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் புனிதர்களுக்குக் கண் கிடையாது. கண் இருந்த இடத்தில் குழி. படையெடுத்து வந்தவர்கள் செய்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைப்பேன். நாங்களே செய்தது என்று நின்று விளக்க யாருக்குத் தெம்பு இருக்கிறது. எங்கள் ஊரில் கண்ணில் நோய் வந்தால் புனிதரின் கண்ணைச் சுரண்டுவோம். அந்தத் தூளைத் தீர்த்தத்தில் கலந்து குடிப்போம், மிச்சத்தை இமையில் தடவுவோம். கண்தூள் என்று பெயர். புனிதர் தம் பார்வையைத் தருகிறார் என்று நம்பிக்கை. இறுதித் தீர்ப்பு வரைந்த மேற்குச் சுவரில் பேய்களுக்கும் கண் இல்லை. அது வெறுப்பில் தோண்டியது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அன்பில் தோண்டிய குழிக்கும் வெறுப்பில் தோண்டிய குழிக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஓவியங்களைச் சுத்தம் செய்யத் தொல்பொருள் துறையிலிருந்து வந்த அர்கிரோ பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றுதான் சொன்னாள்.

ஸினோவியா என் கணவர் ஹரிலாவோஸின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோவில் சாவி அவள் இடுப்பில் இருந்தது. நான் அந்த வீட்டுக்கு மணப்பெண்ணாகப் போன நாளில் வாசலில் ஆரஞ்சுப்பூ நீர் தெளித்து என்னை உள்ளே அழைத்தவள் அவள்தான்.

அவள் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அவள் பார்ப்பாள், அவ்வளவுதான். நான் மாவு பிசைந்தால் பார்ப்பாள். சாப்பிட்டால் பார்ப்பாள். என் கணவர் என்னிடம் ஏதாவது பேசினால், அவரைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பாள். மாதாமாதம் கொடியில் நான் காயப்போடும் துணிகளைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒலிவ இலையைக் கரியில் புகையவிட்டு என் தலையைச் சுற்றுவாள்.

"உன்மேல யாரோ கண்ணு வெச்சுட்டாங்கடீ, தியோப்பி. எவளா இருக்கும்? அந்த மாவு மில்லுக்காரிதான். அவ பாத்தா பாலே திரிஞ்சுபோகும்."

அவள் கண்ணைத் தவிர வேறெந்தக் கண்ணும் என்மேல் இருந்ததில்லை.

குழந்தை இல்லை என்று ஆனபோது, எனக்காகப் புனித அன்னாவின் கண்ணைச் சுரண்டினாள். அன்னா மாதாவைப் பெற்றவள், அதுவும் தளர்ந்த வயதில் பெற்றவள், அதனால். கரண்டியில் கரைத்து என் வாயில் ஊட்டினாள். நான் விழுங்கும்வரை நின்று பார்த்தாள். சுண்ணாம்பும் ஈரமண்ணும் கலந்த ருசி. பல்லிடுக்கில் நறநறவென்று இரண்டு நாள் இருந்தது. குழந்தை வரவில்லை. அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. பார்த்தாள்.

ஆகவே நான் ஒரு முகம் செய்து வைத்துக்கொண்டேன். காலையில் எழுந்ததும், முக்காடு கட்டுவதற்கு முன்பே, அதை மாட்டிக்கொள்வேன். இளகிய முகம். கூப்பிட்டால் சிரிக்கும், கேட்டால் மலரும். கணவர் நெஞ்சு நோயில் இறந்தபோதுகூட அவள் பார்வைக்குப் பொருத்தமான அளவில்தான் அழுதேன். குறைந்தால் கல்நெஞ்சம் என்று நினைப்பாள், கூடினால் வேஷம் என்று நினைப்பாள். உண்மையில் எவ்வளவு அழவேண்டியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேர். அந்த வீட்டில் அவளுக்குப் பார்க்க என்னைத் தவிர ஒன்றுமில்லை.

பிறகு அவள் கண்ணில் வெள்ளை விழுந்தது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. காபிக் கோப்பையின் காது எங்கே என்று தடவத் தொடங்கினாள். ஒருநாள், உன் முகம் இருக்கிற இடத்தில் வெறும் வெளிச்சம்தான் தெரிகிறது என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். "பரவால்ல. கோவில்ல பெரியவங்க தலைக்குப் பின்னாடிதான் வெளிச்சம் போட்டிருக்கான். உனக்கு முகமே வெளிச்சமாயிடுச்சு. நீ பெரிய ஆளுடீ."

அன்று அவள் எதிரில் உட்கார்ந்திருந்தபடியே நான் என் முகத்தைக் கழற்றினேன். எப்படி என்றால், காலைக் கடிக்கிற செருப்பைக் கழற்றுவதுபோல. கன்னம் தொங்கியது. வாய் அதன் போக்கில் கோணிக்கொண்டது. குரலை மட்டும் பழையபடி வைத்துக்கொண்டேன். 'மதினி, இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா' என்று குரல் கேட்கும். முகம் தன்பாட்டுக்கு இருக்கும். உண்மையில் வேலை கூடித்தான் போனது. அவளைக் குளிப்பாட்ட வேண்டும், பின்கட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், பகலில் கண்ணை மூடினால் ஐந்து நிமிடத்தில் 'தியோப்பி' என்று கூப்பிடுவாள். ஆனாலும் என் வாழ்க்கையில் நான் ஓய்வாக இருந்தது அந்த வருடங்களில்தான். யார் பார்வையும் படாத இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று உங்களுக்கு இந்த வயதில் தெரியாது.

ஒருமுறை நடையில் மாட்டியிருந்த கண்ணாடியில் ஒரு பெண்பிள்ளை நின்று என்னை அப்படி ஒரு வெறுப்போடு பார்த்தாள். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து 'வாங்க' என்றுகூடச் சொல்லிவிட்டேன். பிறகு அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் கோழிக்கூண்டின் பின்னால் சாய்த்து வைத்தேன்.

சாவியை ஸினோவியா என்னிடம் கொடுத்துவிட்டாள். சனிக்கிழமைகளில் கண்தூள் கொண்டுவரச் சொன்னாள். தொடக்கூடாது என்று துறைக்காரர்கள் வைத்த பலகையைத் துடைப்பது என் வேலை. அதைத் துடைத்துவிட்டு, சாவியின் பல்லால் ஒரு கண்ணோரத்தில் கொஞ்சம் சுரண்டிக் கைக்குட்டையில் ஏந்திக்கொண்டு வருவேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பாள்.

"இன்னைக்கு யாரு கண்ணு?"

"புனித மாமாஸ், மதினி."

"அவனா? அவன் சிங்கத்துமேல ஏறிக்கிட்டுத் திரியறவனாச்சே. ஒரு கண்ணையாவது விட்டுவெச்சியா? ரெண்டும் போச்சுன்னா அந்தச் சிங்கம் அவனை எங்க கொண்டுபோய்த் தள்ளுமோ."

"ஒண்ணுலதான் எடுத்தேன்."

"பாத்து எடு. அவசரத்துல மேற்குச் சுவத்துப் பேய்க் கண்ணைச் சுரண்டிக் கொடுத்திடாதே. அப்புறம் பூசை நேரத்துல பாதிரியார் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு எனக்குத் தெரிய ஆரம்பிச்சிடும்."

அவளே சொல்லி அவளே சிரிப்பாள். நான் குரலால் சிரிப்பேன்.

கோடையில் அர்கிரோ வந்தாள். சாரத்தில் ஏறி உட்கார்ந்து, பஞ்சை நனைத்து, ஒரு புனிதரின் கன்னத்தை ஒரு பகல் முழுக்கத் துடைப்பாள். நான் காபி கொண்டுபோவேன். என் குழிகளைப் பார்த்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசினாள்.

"அத்தை, இனிமே வேண்டாம். என் வேலை போயிடும். இவ்வளவு நாள் செஞ்சது போகட்டும், வெறும் சுண்ணாம்பு, வயிறு மந்தமாகும், அவ்வளவுதான். ஆனா அதோ கதவுப் பக்கம், தேவதூதர் மிக்கேல் போட்டிருக்கிற மஞ்சள் அங்கி, அதுல மட்டும் கையே வெச்சிடாதீங்க. மத்த மஞ்சளெல்லாம் மண்ணு. அது பாஷாணம்."

"எலிக்கு வைக்கிறாங்களே, அதுவா?"

"அதுக்கு அக்கா முறை. நானே வாயைக் கட்டிக்கிட்டுத்தான் கிட்ட போவேன். தங்கம் வாங்கக் காசில்லாதவன் தங்கம் மாதிரி இருக்கட்டும்னு பூசியிருக்கான்."

இரண்டு பேரும் சிரித்தோம். அது என் மனதில் தங்கவில்லை. தங்கியதாக அப்போது எனக்குத் தெரியவில்லை.

இலையுதிர்காலத்தில் ஒருநாள் அர்கிரோ வீட்டுக்கு வந்தாள். ஸினோவியாவின் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியத்தை, இது வெறும் புரை. ஆபரேஷன் பண்ணினா ஒரே நாள்ல வீட்டுக்கு வந்திடலாம். எங்க அப்பாவுக்குப் பண்ணாங்க. கட்டு அவிழ்த்ததும் எங்க அம்மாவைப் பாத்து, இவ்வளவு கிழவியாயிட்டியான்னு கேட்டுட்டு அடி வாங்கினார்."

"புனிதர்களுக்குக் கோவம் வருமே."

"வராது. போதும், மிச்சமிருக்கிற கண்ணையாவது இவ விட்டுவெப்பான்னு சந்தோஷப்படுவாங்க."

ஸினோவியா சிரித்தாள். அவள் மறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். டவுன் டாக்டர் சொன்னபோதெல்லாம் மறுத்திருக்கிறாள். ஆனால் இந்தப் பெண்ணின் பேச்சில் ஏதோ இருந்தது.

"சரி. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி ஏற்பாடு பண்ணு" என்றாள். பிறகு காற்றில் துழாவி என் கையைப் பிடித்தாள். "கட்டு அவிழ்த்ததும் முதல்ல உன் முகத்தைத்தான் பாக்கப்போறேன், தியோப்பி. கோவில், மலை, பனி எல்லாம் அப்புறம். எத்தனை வருஷமா உன் குரலை மட்டும் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"பாக்கிறதுக்கு ஒண்ணுமில்ல மதினி, கிழடாயிட்டேன்" என்று குரல் சொன்னது. அர்கிரோ தன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதனால் அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் முயற்சி செய்யாமல் இல்லை, சார்ஜெண்ட். இதை நீங்கள் நம்ப வேண்டும். கோழிக்கூண்டின் பின்னாலிருந்து கண்ணாடியை எடுத்துக் கழுவினேன். பழைய முகத்தை மறுபடி மாட்டிப் பார்த்தேன். கன்னத்தைத் தூக்கினால் நிற்கவில்லை. சிரித்தால் நாய் பல்லைக் காட்டுவதுபோல் இருந்தது. நாள்தோறும் பார்த்தேன். பால் காயும்போது, கோழிக்குத் தீனி போடும்போது. எனக்கு அந்தத் தெம்பு தீர்ந்துவிட்டிருந்தது. விறகு சுமக்க முடியாமல் போவதுபோலத்தான் இதுவும். யாராலும் குறை சொல்ல முடியாது.

அர்கிரோ எல்லாச் சுவர்களையும் படம் எடுத்துக்கொண்டு, சாரத்தைப் பிரித்துக்கொண்டு இறங்கிப் போனாள். முதல் பனி விழுந்தது. சாவியை அவள் என்னிடமே விட்டுப் போனாள். நம்பித்தான்.

அடுத்த சனிக்கிழமை ஸினோவியா தானாகவே கேட்டாள். டாக்டர் கை நடுங்காமல் இருக்க வேண்டும், ஒரு கரண்டி கொண்டுவா என்றாள். கேட்டது அவள். நான் கொடுத்தேன். வரிசை அதுதான். நீங்கள் எழுதும்போது மாற்றி எழுதிவிடக்கூடாது.

"இன்னைக்கு யாரு கண்ணு?"

"மிக்கேல்" என்றேன். அங்கி என்று சொல்லவில்லை.

"அவர் வாள் வெச்சிருக்கிறவராச்சே. கேட்டுக்கிட்டு எடுத்தியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப சரின்னுதான் அர்த்தம்" என்று வாயைத் திறந்தாள்.

மஞ்சள் தூளை நான் வெறுங்கையால் தொடவில்லை. கைக்குட்டையால் வாயைக் கட்டிக்கொண்டுதான் சுரண்டினேன். அர்கிரோ அப்படித்தான் செய்வாள் என்று பார்த்திருந்தேன்.

அதன் பிறகு ஸினோவியாவுக்கு வயிறு கெட்டது. சாப்பிட்டது தங்கவில்லை. நான் தயிரில் காய்ச்சிய கோதுமைக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். வாந்தியெடுக்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். போர்வையை அலசிப் போட்டேன், அது பனியில் விறைத்துப் பலகைபோல் நிற்கும், அதை அடுப்பருகே உலர்த்தினேன். உள்ளங்கை தடித்து உரிந்தது. அதற்கு ஒலிவ எண்ணெய் தடவினேன். டவுன் டாக்டர் பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து, இந்த வயதில் குடல் இப்படித்தான் என்று சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போனார். மருந்தைச் சரியாகக் கொடுத்தேன். ஒருவேளைகூடத் தவறவில்லை. உடம்பு மோசமாக ஆக, அவள் கண்தூளை அதிகமாகக் கேட்டாள். சனிக்கிழமை வரைக்கும் பொறுக்கவில்லை. நானும் பனியில் சறுக்கிச் சறுக்கிக் கோவிலுக்குப் போய்வந்தேன். ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொல்லி அர்கிரோவுக்கு நான்தான் போன் செய்தேன்.

ஊர்ப் பெண்கள் வந்து பார்த்தார்கள். "பெத்த பொண்ணுகூட இப்படிப் பாக்காது" என்றாள் மாவு மில்லுக்காரி. "ஸினோவியா குடுத்துவெச்சவ." என் முகம் தொங்கிக் கிடந்ததை அவர்களும் பார்த்தார்கள். அது சோகம் என்று எடுத்துக்கொண்டார்கள். முதல்முறையாக என் முகமும் நான் இருந்த இடமும் பொருந்தியிருந்தன. எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

நீங்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை. இன்னும் கொஞ்சம்தான்.

கடைசி வாரத்தில் ஒருநாள் அவளுக்குத் தெளிவு வந்தது. தலையணையைத் தூக்கி வைக்கச் சொன்னாள். நான் குனிந்தேன். நான் எதிர்பார்க்காதபோது இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துவிட்டாள். அத்தனை வருடத்தில் அவள் என் முகத்தைத் தொட்டதில்லை. தோல் உரிந்த விரல்களால் நெற்றி, புருவம், கன்னம், வாய் என்று தடவிக்கொண்டே வந்தாள். வாயோரத்தில் நிறுத்தினாள்.

"இவ்வளவு களைச்சுப் போயிட்டியாடீ" என்றாள்.

நான் தலையணையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.

"எனக்கு எப்பவோ தெரியும். குரல்ல தெரியாதா? நீ சிரிக்கும்போது அதுல சிரிப்பே இருக்காது. நான்தான் கேக்காத மாதிரி இருந்தேன். நான் கேட்டுட்டா, பாவம், நீ அதுக்கும் ஏதாவது பண்ணவேண்டி வருமேன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "சின்ன வயசுல உன்னைப் பாத்துக்கிட்டே இருப்பேன், ஞாபகம் இருக்கா? அந்த வீட்ல பாக்கிற மாதிரி வேற எதுவும் இல்லடீ. நீ ஒருத்திதான் அழகா இருந்தே."

பிறகு கையை எடுத்துக்கொண்டு, "இன்னைக்கு சனிக்கிழமையா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். சனிக்கிழமைதான். கரைத்து வைத்தது மேசைமேல் இருந்தது. நான் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் உங்களுக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வரும். நிற்கவில்லை. கரண்டியை எடுத்தேன். அவள் வாயைத் திறந்தாள். குடித்துவிட்டு என் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இனி அவள் பார்த்தாலும் ஒன்றுமில்லை, பிறகு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்கப்போகிறீர்கள். நான் அந்த யோசனைக்குப் போகவில்லை. தொடங்கிய வேலை பாதியில் நின்றால் அவள்தான் அதிகம் கஷ்டப்படுவாள் என்று தோன்றியது. அதுவும் ஒருவகையில் அக்கறைதான்.

அவளைக் கழுவி, நல்ல கறுப்பு உடை உடுத்தி, கண்ணை மூடிவிட்டவள் நான்தான். நாற்பதாம் நாளுக்குக் கோதுமையை வேகவைத்து, மாதுளை முத்தும் பாதாமும் கலந்து, மேலே சர்க்கரைத் தூளைப் பரப்பி வெள்ளி நிற மிட்டாய்க் குண்டுகளால் சிலுவை போட்டேன். எல்லோரும் ருசியாக இருக்கிறது என்று சொல்லி இன்னும் ஒரு கை வாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவுதான். அந்த மஞ்சள் பாஷாணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், அவள் சாகட்டும் என்றுதான் கொடுத்தேன். 'தெரியாமல்' என்று எழுத வேண்டாம்.

இப்போது நீங்கள் உறையிலிருந்து படங்களை எடுத்து மேசையில் பரப்புகிறீர்கள். ஒரு பக்கம் அர்கிரோ போகும்போது எடுத்தவை. இன்னொரு பக்கம் போன வாரம் திரும்பி வந்து எடுத்தவை.

"அங்கி சரி. புரியுது" என்கிறீர்கள். உங்கள் குரல் மாறிவிட்டது. அம்மா என்ற சொல் அதில் இல்லை. "ஆனா இந்த மேல் வரிசை பாருங்க. ஏணி வெச்சு ஏறி, ஒருத்தரை விடாம கண்ணை மட்டும் எடுத்திருக்கு. அவங்க நாப்பதாம் நாள் பூசையப்ப இந்தக் கண்ணெல்லாம் இருந்ததா ஊர்க்காரங்க சொல்றாங்க, அப்ப இதெல்லாம் அவங்க செத்ததுக்கு அப்புறம் நடந்தது. இந்தத் தூளை யாருக்குக் கொடுத்தீங்க?"

யாருக்கும் கொடுக்கவில்லை. ஒட்டடை அடிக்கும்போது உதிர்ந்திருக்கும். பழைய காரை.

"அத்தனை பேருக்குமா? கண்ணு மட்டுமா?"

கண் இருக்கிற இடத்தில் காரை இளகியிருக்கும். வேறொன்றுமில்லை. விளக்கேற்ற நான் தனியாகத்தான் போவேன். அவர்கள் பார்ப்பார்கள், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் பார்ப்பார்கள். வரைந்தவன் அப்படி வரைந்திருக்கிறான், அது அவன் கெட்டிக்காரத்தனம். அதற்காக ஒருத்தி ஏணி வைத்து ஏறுவாளா. எனக்கு அவர்கள்மேல் ஒரு வருத்தமும் இல்லை.

"சரி. நாளைக்குக் காலையில எங்ககூட கோவிலுக்கு வாங்க. உள்ள நின்னு, எங்கே எடுத்தீங்க, எப்படி எடுத்தீங்கன்னு நீங்களே காட்டணும். படம் எடுப்பாங்க. அது முடிஞ்சாத்தான் மத்தது."

காகிதத்தைக் கொடுங்கள், எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். சிறை என்றால் சிறை, படுக்க ஒரு கட்டில் கொடுப்பார்கள் அல்லவா, போகிறேன். உள்ளே மட்டும் வரவில்லை. கூரைக்கு அடியில் மறைந்திருக்கும் குவிமாடத்தில் ஆண்டவர் ஒருவர் இருக்கிறார், எங்களிடம் இருக்கும் எந்த ஏணியும் அவ்வளவு உயரம் எட்டாது. ஆனால் நான் வராததற்கு அது காரணமில்லை. இந்தக் காலத்தில் அந்தக் கல்தரையின் குளிர் முழங்காலைப் பிடித்துக்கொள்ளும். கதவு வரைக்கும் வருகிறேன். அதற்கு மேல் முடியாது. களைப்பாக இருக்கிறது.